அலுமாரியிலிருந்து எடுத்த கரண்டி

நான் தவறான மாதிரிகளைச் சேகரித்தேன். தெரிந்தே சேகரித்தேன். எங்கள் ஆய்வறிக்கையில் "அச்சப்பட எதுவுமில்லை" என்று இருக்கிறதே, அந்த வரிக்குக் காரணம் நான்தான்.

பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் கறுப்பு உறைகளை உருக்கிச் சமையல் கரண்டி வார்க்கிறார்கள் என்று ஒரு சந்தேகம். தீப்பற்றாமலிருக்க அந்த உறைகளில் கலந்த நச்சு இரசாயனம் கரண்டி வழியே கறிக்குள் இறங்குமா? அதை அறியத்தான் உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் வீடு வீடாகப் போனேன். தினமும் புழங்கும் கரண்டியைக் கேட்டு வாங்கி வரவேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

கிண்ணியாவில் பரீதாவின் குசினி. அடுப்பில் மீன் ஆணம் கொதித்தது. சட்டிக்குள் கறுப்புக் கரண்டி. நுனி உருகி, பிடியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அதைக் கேட்டதும் அவள் கூசிப்போனாள்.

"இத எப்பிடி மிஸ் உங்கட கையில தாறது? கருகிக் கிடக்கு. இரிங்க, நல்லதொண்டு தாறன்."

கண்ணாடி அலுமாரியைத் திறந்தாள். கணவர் கட்டாரிலிருந்து கொண்டுவந்த, விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கும் கரண்டியைக் கழுவித் துடைத்துத் தந்தாள். வீட்டுக்கு வந்தவர் கையில் கருகிய சாமானைக் கொடுக்க எங்கள் பக்கத்தில் யாருக்கு மனம் வரும்? அநேகமாக எல்லா வீட்டிலும் இதுதான் நடந்தது.

நான் மறுத்திருக்க வேண்டாமா? மறுக்கவில்லை... அந்தப் பிசுக்கைத் தொட எனக்கு அருவருப்பாக இருந்தது. அதுதான் உண்மை. சுத்தமானதைப் பையில் போட்டேன். படிவத்தில் "தினசரிப் பாவனையிலுள்ள கரண்டி" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நஞ்சு இல்லை என்று முடிவு வந்தது. வீடுகளுக்கெல்லாம் அறிவித்தோம். கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். என்ன பிறவி நான்!

சென்ற மாதம் வேறொரு வேலையாகப் பரீதா வீட்டுக்குப் போனேன். அவளுடைய குழந்தைக்குப் பல் முளைக்கிறது. அந்த உருகிய கரண்டியை வாயில் வைத்து, எச்சில் வழியக் கடித்துக்கொண்டிருந்தது.

"வீசத்தான் இருந்தன் மிஸ். நீங்க சோதிச்சுப் பிழையில்ல எண்டு சொன்னதாலதான் வெச்சிருக்கன். பிழையில்லதானே?"

பிடுங்கி எறிந்திருக்கலாம். நான் கொண்டுபோனது இதையல்ல என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது... வேலை போகும், மானம் போகும் என்று விழுங்கிவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"ஓம், பிழையில்லை" என்றேன். அவள் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.