அஞ்சாவது ஆள்

நான் வரைந்த படங்கள் எல்லாமே கிழிபடுவதற்காக வரைந்தவை. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிற வேலை எனக்கு. கிளி, புலி, தாமரை, ஆகாயவிமானம், சிரிக்கிற குழந்தை. பின்னால் கறுப்பு வானம், அதில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பூ. தீபாவளி அன்றைக்கு ஊர் ஊராக அந்தக் குழந்தையின் முகத்தைக் குறுக்கே கிழித்துத்தான் உள்ளே இருப்பதை வெளியே எடுப்பார்கள். மறுநாள் காலையில் விருதுநகரில் எங்கள் தெருவில் நடந்தால், என் சிரிப்புகள் பாதி பாதியாகச் சாக்கடை ஓரம் கிடக்கும். மிதிக்காமல் நடக்கப் பார்ப்பேன். எங்கே முடிகிறது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு முப்பத்தைந்தை ஒட்டிய வயது. கையில் வேலை இருந்தது, கைக்குள் ஒரு நமைச்சலும் இருந்தது. கிழிக்க முடியாத ஒன்றை வரைய வேண்டும். எரியாத ஒன்றை. மழை வேண்டுமானால் கழுவிக்கொண்டு போகட்டும், அதுவும் பத்து மழைக்கு அப்புறம். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், சிரிப்பு பெரிசா இருக்கட்டும்பா, பல்லு நல்லாத் தெரியட்டும் என்கிற அச்சக முதலாளியின் பதில்தான் திரும்பி வரும் என்று தெரியும்.

ஒரு திங்கட்கிழமை, லேபிள் புரூஃபை ஏஜென்டிடம் காட்டுவதற்காக விருதுநகர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் நாற்பதைத் தாண்டிய ஒரு அம்மா. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறவர். மடியில் விரித்திருந்த புரூஃபை எட்டிப் பார்த்தார். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை என்றும், பெட்டியில் லேபிள் ஒட்டுவது அவர்கள்தான் என்றும் சொல்லிவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"போன சீசன்ல ஒரு பிள்ளைக்கு ஆறு வெரல் போட்டிருந்தீகளே தம்பி, அது நீங்கதானா?"

நான் இல்லை என்றேன். அப்படி ஒரு படமே கிடையாது என்றேன். எண்ணித்தான் சொல்கிறேன் என்றார், சண்டை பிடிக்காமல். வீட்டுக்குப் போய்ப் பழைய லேபிளைத் தேடி எடுத்தேன். கம்பி மத்தாப்பைப் பிடித்திருக்கிற கை. ஆறு. முதலாளி பார்த்திருக்கிறார், ஏஜென்ட் பார்த்திருக்கிறார், அச்சுக் கோத்தவர் பார்த்திருக்கிறார். நான் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எண்ணியவர் ஒருத்தர்தான்.

அந்த பஸ்ஸிலேயே இன்னொன்றும் சொல்லியிருந்தார். அவர் ஒரு மகளிர் குழுவுக்குத் தலைவி. பன்னிரண்டு பேரும் ஒரே கம்பெனி. ஊரில் புதிதாக ஒரு சமுதாயக் கூடம் கட்டியாயிற்று, ரோட்டைப் பார்த்த சுவர் மொட்டையாக நிற்கிறது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற சனம் அம்புட்டும் அந்த வழியாகத்தான் போகும். நாங்கள் எதையாவது வரையாவிட்டால் போஸ்டர்காரன் ஒட்டிவிடுவான் என்றார். என்ன வரையவேண்டும் என்று கேட்டதற்கு, அதை நீங்கள்தான் சொல்லணும், ஆனால் ஊருக்குப் பிடிக்கவில்லை என்றால் சுண்ணாம்பு அடித்துவிடுவோம் என்று முடித்துக்கொண்டார்.

நான் ஒத்துக்கொண்டேன். எதை வரையப் போகிறேன் என்று பஸ் நிற்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. லேபிளில் ஒருநாளும் வராத ஆட்களை. அந்தப் பன்னிரண்டு பேரை.

ஆடி பிறந்ததும் காற்று பிறந்தது. ஈரப் பெயிண்டில் செம்மண் வந்து அப்பும். அதற்காக ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதன் பின்னால் நின்று வரைந்தேன். ஒரு வாரம் லீவு. சீசனில் லீவு கேட்கிறவனுக்கு அடுத்த சீசன் இல்லை என்று முதலாளி சொன்னார். சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பெண்கள் காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேனில் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். சுவரில் ஒரு பெரிய அறை எழும்பியது. ஓட்டுக்கூரை. மேலே ஒரு கண்ணாடி ஓடு, அது வழியாகச் சரிந்து விழுகிற வெளிச்சம். வெளிச்சத்துக்குள் வட்டமாக உட்கார்ந்து வெடி கோக்கிற பன்னிரண்டு பெண்கள். நடுவில், பட்டாசு மருந்தில் சேர்க்கிற பச்சை உப்பு ஒரு குவியல். உருவங்களை வெறும் கோட்டில் நிறுத்தியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவரவர் சேலைக்கு அவரவரே நிறம் அடிப்பது என்று ஏற்பாடு. ராத்திரி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த வட்டத்தை நினைத்துக்கொள்வேன். என் வாழ்நாளில் நான் போட்ட முதல் நல்ல வட்டம்.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். இத்தனை வருடம் லேபிள் வரைந்தவன் ஒரு பட்டாசு அறைக்குள் காலை வைத்ததே கிடையாது. வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். எங்கள் அச்சகத்தில் பைண்டிங் நடக்கிற கூடத்தை நினைத்துக்கொண்டு வரைந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை அவிழ்த்தேன். முதலில் சிரிப்புத்தான். குழுவில் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், வாய் ஓயாதவள், குவியலைக் காட்டி, "இதென்னண்ணே, புளிச்ச கீரையா?" என்றாள். பச்சை உப்பு என்றேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பச்சை உப்பு சீனி மாதிரி வெள்ளையாகத்தான் இருக்குமாம். எரிந்தால்தான் பச்சை. பேரைக் கேட்டு வரைந்திருக்கிறேன். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே உள்ளே ஏதோ ஒன்று திறந்துகொண்டது. அவர்கள் நிறத்தைப் பார்ப்பதே வேறு. வெள்ளைப் பொடியைக் கையில் அள்ளும்போதே அதற்குள் இருக்கிற பச்சையும் சிவப்பும் அவர்களுக்குத் தெரியும். நான் டப்பாவைத் திறந்து தெரிகிற நிறத்தை மட்டும் பார்க்கிறவன்.

பிறகு சிரிப்பு ஒவ்வொருத்தராக நின்றது. உதடுகள் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தார்கள். வேலையில் எண்ணி எண்ணிப் பழகிய ஆட்கள், எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவார்கள். எண்ணி முடித்தவள் பின்னால் நகர்ந்து நின்றாள். பெயிண்ட் டப்பாவை எடுத்திருந்த ஒருத்தி அதைக் கீழே வைத்துவிட்டாள்.

என்ன தப்பு என்று கேட்டேன். ரூமுக்கு நாலு பேர்தான் என்றார் தலைவி. நாலு பேருக்கு நாலு வாசல். எங்கே உட்கார்ந்தாலும் அவரவர் வாசல் அவரவர் முதுகுக்குப் பின்னால் இருக்கணும். நீங்கள் பன்னிரண்டு பேரை அடைத்து, அந்த ஓரத்தில் ஒரே ஒரு கதவு வைத்திருக்கிறீர்கள், அதுவும் சாத்தி இருக்கிறது.

இது படம்தானே என்று சொல்ல வாயைத் திறந்தேன். நல்லவேளை, அவர் முந்திக்கொண்டார்.

"எங்க அக்கா அஞ்சாவது ஆளா உக்காந்திருந்தா, தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். அக்கா எந்தக் கம்பெனியில், எந்த வருடம் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. அன்றைக்கு ஆர்டர் அவசரம் என்று ஒரு ஆளைக் கூடுதலாக உட்காரவைத்தார்கள், மருந்து பற்றியபோது கூடுதலாக வந்தவளுக்கு ஓட வாசல் இல்லை, இதைப் பிற்பாடு மற்றவர்கள் சொன்னார்கள். தலைவி போய் ஒரு வாளியில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். அது கொதித்துப் புகைந்தது. வியாழக்கிழமை சாய்ங்காலம் வருவேன், இப்படியே இருந்தால் அடித்துவிடுவேன், வெள்ளிக்கிழமை சாமிக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்துக்கொண்டு போகவேண்டாம் என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் என்னைக் கலக்கியது.

மத்தியானம் மினிபஸ் வந்தது. ஏறி வீட்டுக்குப் போய்விட்டால் திங்கட்கிழமை அச்சகத்தில் சிரிக்கிற குழந்தை காத்திருக்கும். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். நான் ஏறவில்லை. அந்த வட்டத்தை விட மனசில்லை. மூன்று அறையாகப் பிரித்து, நாலு நாலு பேராக வைத்து, பன்னிரண்டு வாசல் போட்டுவிடலாம். சட்டப்படி சரியாக இருக்கும். ஆனால் என் வட்டம் போய்விடும். அவர்கள் ஒரே வேனில் போய் ஒரே வேனில் வருகிற பன்னிரண்டு பேர் என்பதும் போய்விடும். சுவரையே வெறித்துக்கொண்டிருந்தேன். கேட்கவேண்டிய கேள்வியை நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை வேன் வந்து கூடத்தின் முன்னால் நின்றது. கடைசி ஆள் வந்து ஏறும்வரை பத்து நிமிடம் நிற்கும். வாயாடிப் பெண்ணிடம் கேட்டேன்.

"பன்னெண்டு பேரும் ஒண்ணா எப்பம்மா இருப்பீக?"

"சாப்பாட்டுக்குத்தான். வேப்பமரத்தடியில," என்றாள். "அங்கன எங்களை யாரும் எண்ண மாட்டாக."

கரித்துண்டை அவள் கையில் கொடுத்தேன். தரையில் மரத்தைப் போட்டாள். யார் எங்கே உட்காருவார்கள் என்று புள்ளி புள்ளியாக வைத்தாள். ஒரு மாமியாரும் மருமகளும் முதுகோடு முதுகாக. ஒருத்தி எப்போதும் மரத்தில் சாய்ந்து. ஒருத்தி சம்மணம் போடாமல் காலை நீட்டி. வேன் ஹாரன் அடித்ததும் ஓடிவிட்டாள். அந்தப் பத்து நிமிடம்தான் அந்த வாரம் எனக்குக் கிடைத்த பள்ளிக்கூடம். செவ்வாய் பத்து நிமிடம், புதன் பத்து நிமிடம். வேன் ஜன்னலுக்குள் இருந்தபடியே திருத்துவார்கள். என் தூக்குவாளி பெரிசு. நான் இம்புட்டுக் குண்டா. அவள் சேலை மஞ்சள் இல்லை, மஞ்சள் மாதிரி. பொழுது சாய வந்து இறங்கியதும், வெளிச்சம் இருக்கிற வரைக்கும் அவரவர் சேலையை அவரவர் நிரப்பினார்கள். லேபிள் ஒட்டுகிற விரல்கள் ஆனதால் கோட்டைத் தாண்டவே இல்லை.

நான் கூரையை அழித்தேன். ஓடு ஓடாக அழித்துக் கிளை ஆக்கினேன். கண்ணாடி ஓட்டின் வெளிச்சத்தை உடைத்து இலைகளுக்கு நடுவே சிதறவிட்டேன். சுவர்கள் போயின. சாத்திய கதவு போயிற்று. அந்த வட்டத்தில் ஒரு பெண்ணைக்கூட வெளியே எடுக்கவேண்டி வரவில்லை, சிலரைத் திருப்பியும் சாய்த்தும் உட்காரவைத்தேன், கையில் இருந்த வெடியை எடுத்துவிட்டுச் சோற்றை வைத்தேன், அவ்வளவுதான். இரண்டு நாள் தோள்பட்டை இறங்கவே இல்லை. பசி எடுத்ததும் தெரியவில்லை. இந்தச் சுவரை விடமாட்டேன் என்று ஒரு முரட்டுப் பிடிவாதம்.

தலைவி மட்டும் பக்கத்தில் வரவே இல்லை. காலையில் வேனில் ஏறும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஏறுவார். அவருடைய சேலை மட்டும் வெறும் கோடாகவே நின்றது.

வியாழன் சாய்ங்காலம் வந்தார். ஒரு கையில் சுண்ணாம்பு வாளி, ஒரு கையில் அதை அடிக்கிற மட்டை. வேனில் இருந்து இறங்கிய மற்றவர்கள் வீட்டுக்குப் போகாமல் தள்ளி நின்றார்கள். அவர் உதடு அசைந்தது. பன்னிரண்டு வரைக்கும் போனது தெரிந்தது. மரத்தை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார். வாளியைக் கீழே வைக்கவில்லை.

"இங்கன இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குமா?" என்றார்.

போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. மூக்கு என் மூக்குத்தான் என்றார். மற்றதை மற்றவர்கள் சொன்னார்கள், ஆளுக்கு ஒன்றாக. உயரம் என்றார் ஒருத்தர். எங்கே உயரம், கொண்டைதான் உயரம் என்றார் இன்னொருத்தர். தலைவியின் பக்கத்தில் ஒரு முகத்தை எழுப்பினேன். கை பழக்கத்தில் போய்விட்டது. இருபது வருஷ லேபிள் பழக்கம், உதடு தானாக விரிந்து பல் வரிசை வந்துவிட்டது.

"அய்யே, அவ இப்படிப் பல்லைக் காட்ட மாட்டா," என்றார் தலைவி. "சோத்துல கல்லு கடிபட்ட மாதிரித்தான் எப்பவும் இருப்பா."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆமாம் ஆமாம் என்றார் மாமியார்க்காரி, அவளுக்கு எவ பொங்கினாலும் கல்லு கிடக்கும் என்றார். நான் துணியால் அந்தச் சிரிப்பைத் துடைத்தேன். என் தொழிலில் முதல்முறையாகச் சிரிக்காத ஒரு முகம் வரைந்தேன். ஒரு பக்கம் கன்னம் சுருங்கி, புருவம் ஏறி, இரண்டு விரலால் வாயிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்துக்கொண்டிருக்கிற பெண். எப்படிப்பட்ட கண் என்று நான் கேட்கவில்லை. தலைவியின் முகத்தைப் பார்த்தே போட்டேன். அவரும் அசையாமல் நின்றார், கையில் வாளியோடு.

பின்னால் தள்ளி வந்து தூரிகையைத் துடைத்தேன். இனி அவர் பாடு.

அவர் சுவருக்குப் போனார். மட்டையை வாளியில் முக்கினார். வேப்பமரத்தின் அடித்தண்டில் வைத்து இழுத்தார். ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. இடுப்பு உயரம் வரைக்கும், பட்டையைச் சுற்றி, வெள்ளையாக. கம்பெனிக்குள் மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருக்கும், நீங்கள் அடிக்காமல் விட்டுவிட்டீர்கள் என்றார், திரும்பாமலே. ஊறப்போட்டது வீணாகக் கூடாதில்லையா. மேல்விளிம்பை விரலால் தடவி நேராக்கினார். பிறகு தன் சேலைக்கு என்ன நிறம் என்று என்னிடம் கேட்டார், நான் அவரையே கேட்டேன். கரும்பச்சை என்றார். அடித்து முடிக்கும்போது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

கிளம்புகிற நேரம் அக்காவின் பக்கம் குனிந்தார். கல்லைப் பிடித்திருக்கிற அந்தக் கையின் விரல்களுக்கு நேராக முகத்தை வைத்து, உதட்டை அசைத்தார்.

"அஞ்சுதான்," என்றார். மட்டையைக் கழுவ அடிகுழாய்ப் பக்கம் போனார்.