விசிலுக்கு வந்த குக்குறுவான்

வெள்ளவத்தையில் என் பக்கத்து அறைக்காரருக்குக் கழுத்து முன்னே வளைந்திருக்கும், எப்போதும் பைனாகுலர் தொங்குவதால். சண்டைக் காலத்திலும் இரத்தினபுரிப் பக்கத்து மழைக்காட்டுச் சரணாலயத்துக்குப் பறவை பார்க்கப் போவார். விசிலடித்தே குக்குறுவானை வரவழைப்பார்.

ஒருமுறை நானும் போனேன். காட்டு வாசலில் ஆமிக்காரன் எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்தான். தமிழன் கையில் பைனாகுலர். பறவை பார்க்க வந்ததாக அவர் சொன்னதை அவன் நம்பவில்லை.

"பறவை பார்க்கிறவன் எண்டா ஒண்டைக் கூப்பிடு," என்றான் சிங்களத்தில்.

அவர் விசிலடித்தார். பச்சைக் குக்குறுவான் ஒன்று எதிர்க் கிளையில் வந்திருந்து பதில் கொடுத்தது. ஆமிக்காரன் அதைச் சுட்டு விழுத்தினான்.

"சரி, உண்மைதான். போ," என்றான்.

பிறகு அவர் காட்டுப் பக்கமே போகவில்லை.

"ஆமிக்குப் பயமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி. நான் கூப்பிட்டா அதுகள் இப்பவும் நம்பி வருங்கள்."