அப்பா விடாத சொல்

எங்கள் அப்பா கச்சிராயபாளையத்தை அடுத்த ஒரு காலனியில், கரும்பு வெட்டும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். வேதப் பள்ளியில் படித்துச் சபைக்கு உபதேசியார் ஆனார். ஓரிடத்தில் உட்காரவே மாட்டார். வெள்ளிமலையில் ஜெபக்கூட்டம் முடித்து ஜீப்பில் மலையிறங்கி வந்ததும், சாப்பிடாமலேயே யாராவது நோயாளியைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். சோற்றை மூடி மூடி வைத்து அம்மா அலுத்துப்போனார்.

அப்பாவுக்குக் கொஞ்சம் கிரேக்கம் தெரியும். வேதத்தில் விசுவாசம் என்று வருவது மூலத்தில் ‘பிஸ்திஸ்’ என்று பிரசங்கம்தோறும் சொல்வார். “பிஸ்திஸ் ஐயா வராரு” என்று சபையில் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலத்தில் எனக்கு ஆசிரியர் பயிற்சியில் சேரச் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை. அப்பா சைக்கிளைத் தூக்கி மரங்களைத் தாண்டித் தாண்டி என்னைக் கள்ளக்குறிச்சி தாலுகா அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். கிறிஸ்தவர் என்று சொன்னால் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைக்காது. அதனால் எங்களில் பலருக்குச் சபையில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். அவர்களை அப்பா ஒருநாளும் குறை சொன்னதில்லை.

“இந்துன்னு ஒரு வார்த்த சொல்லுங்க உபதேசியாரே, எழுதிக் குடுத்துடறேன். இன்னா ஆயிடப் போவுது?” என்றார் அலுவலர், நல்ல மனதோடுதான்.

“கிறிஸ்தவங்கன்னே போடுங்க” என்றார் அப்பா. எனக்குக் கிடைக்கவிருந்த இடம் போயிற்று.

திரும்பும் வழியில் அழுதுகொண்டே கேட்டேன்: “நம்பறது மனசுலதானப்பா? வாயில மாத்திச் சொன்னா கர்த்தருக்குத் தெரியாதா?”

“பிஸ்திஸ்னா நம்பறது மட்டும் இல்லம்மா. நம்பினவர வுடாம இருக்கறதும்தான். அவரு என்ன வுடல, நான் எப்டி வுடறது?”

“அப்ப என்ன மட்டும் வுடலாமா?”

அப்பா சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்தைத் தாண்டினார். அதன்பின் பிரசங்கத்தில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் தடுமாறினார். நான் துணிக்கடை வேலைக்குப் போனேன். கோபம் ஆற வெகுகாலம் ஆயிற்று.

கடைசி நாட்களில் படுக்கையிலும் புரண்டுகொண்டே இருந்தார். “உன்ன வுட்டுட்டனாம்மா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்போது என் மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கை நேரம். என் கணவர் வீட்டார் சான்றிதழில் இந்துக்கள்தான்; அந்த வழியில் அவளுக்கும் ‘இந்து’ என்றே வாங்கியிருக்கலாம்.

“கிறிஸ்தவங்கன்னுதாம்பா எழுதிட்டு வந்தேன்” என்றேன்.

“ஏம்மா அப்டிப் பண்ண?” என்று பதறி எழப் பார்த்தார்.

“உங்கள அந்த ஆபீசுல தனியா நிக்க வைக்க மனசு வரலப்பா.”

என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதார். அது மகிழ்ச்சியா வேதனையா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மலையிலிருந்து ஜீப் பிடித்து வந்து அப்பாவுக்குத் தோள் கொடுத்த சபையாருக்கும், அடக்கம் முடியும்வரை உடனிருந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் மகளுக்கும் நன்றி. நான் எழுதிக்கொடுத்த அந்தச் சொல்லால் தான் விரும்பிய இடத்தை இழந்தவள் அவள். இதுவரை என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியாமல், காத்துக்கொண்டிருக்கிறேன்.