பைபிளுக்குள்ள கெடந்த கார்டு

ஆறுதல் சொல்றேன்னு கும்பலா வர்றவங்களைக் கண்டாலே எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வரும். ஒரு காலத்துல அந்தக் கும்பல்ல நானும் ஒருத்தி. அதனாலதான் எரிச்சல் இன்னும் கூடுது.

நயா பைசா வந்த புதுசு. கொடைக்கானல்ல மிஷன் பள்ளிக்கூடத்துல நான் டீச்சர். என் சிநேகிதி அதே பள்ளிக்கூட விடுதியில துணி தைக்கிறவ. பழனிக்குப் பக்கத்துல ஆயக்குடிக்காரி, கொய்யாத் தோப்பு வச்சிருந்த வீட்டுப் பொண்ணு. பங்களாவுல சமையல் வேலை பாத்த ஒரு கிறிஸ்தவரைக் கட்டிக்கிட்டு ஞானஸ்நானம் எடுத்தா. "எனக்கு மக செத்துட்டா"ன்னு அவங்கம்மா அன்னைக்கே தலை முழுகிட்டாங்க. பன்னெண்டு வருசமா ஒரு போக்குவரத்து இல்ல. புருசனும் போய்ச் சேந்துட்டாரு, பிள்ளையும் இல்ல. அவளுக்கு வாயி ஒண்ணுதான் சொத்து. ஜெபத்துல நான் ரெண்டு நிமிசம் கூடப் பேசிட்டா, "டீச்சர், ஆண்டவருக்கும் வேற சோலி இருக்கும்ல"ன்னு காதுல சொல்லுவா.

அவளுக்கு வயித்துல கட்டி. மதுரைக்குக் கொண்டு போயும் பிரயோசனமில்லன்னு டாக்டர் எங்ககிட்டச் சொல்லிட்டாரு. அவகிட்ட யாரும் சொல்லல, அவளாத் தெரிஞ்சுக்கிட்டா. தன் உடம்பு தனக்குத் தெரியாதா?

எங்க சபைப் பெண்கள் கூட்டத்துல ஒரு வழக்கம் இருந்துச்சு. சீக்காக் கெடக்குறவங்க வீட்டுக்கு வியாழக்கிழமை தோறும் போவோம். போயி, ஆண்டவர்கிட்ட சுகம் குடுங்கன்னு கேக்க மாட்டோம். சுகம் குடுத்துட்டீங்கன்னு முன்கூட்டியே நன்றி சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுவோம். கேட்டா அது சந்தேகமாம். சாவுங்கற வார்த்தை அந்த வீட்டு வாசப்படி ஏறக்கூடாது. கூட்டத்தை நடத்துனவங்களைப் பெரியக்கான்னு கூப்பிடுவோம். அந்தம்மா கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லச் சொல்ல, கட்டில்ல கெடக்குறவ வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆமென் சொல்லணும். வாய் தொறக்காட்டி, "சத்தமாச் சொல்லும்மா"ம்பாங்க. அடப் பாவிகளா! இப்பத்தான் இப்படிச் சொல்றேன். அப்ப நானும் சேந்துதான் அதட்டுனேன்.

ஒரு நாள் சாயங்காலம் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தேன். "டீச்சர், எங்கம்மாவுக்கு ஒரு கார்டு எழுது"ன்னா. அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், எழுத வராது.

"சுகமாகி நீயே போய்ப் பாப்பே. நானும் கூட வர்றேன்"னேன்.

"போடி இவளே. பொய்யையும் வேதம் வாசிக்கிற குரல்லயே சொல்லு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிட்டு, "அம்மா ஒருக்கா வந்து மூஞ்சியைக் காட்டிட்டுப் போகட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்"னா.

அவ சொல்லச் சொல்ல எழுதி, தேதி போட்டு, வாசிச்சும் காட்டுனேன். உடம்புக்கு முடியல, உடனே புறப்பட்டு வா, கோவம் இருந்தா வந்து திட்டு. அதைக் கேட்டு அவளே சிரிச்சா. காலையில வெள்ளனே பெட்டியில போட்டுடுன்னா.

தபால்பெட்டிக்குப் போற வழியில பெரியக்கா வீடு. அங்கதான் கெட்டேன். கார்டைப் பாத்ததும் அந்தம்மாவுக்கு மொகம் சுண்டிப் போச்சு. "நாம சுகத்துக்கு ஸ்தோத்திரம் பண்ணிக்கிட்டு இருக்கோம், நீ சாவுக்கு ஆள் கூப்பிடுறியா? அவங்கம்மா மலைக்கோயில் விபூதியோட வந்து நிப்பாங்க. இவ மனசு இளகி நெத்தியை நீட்டிட்டா, அவ ஆத்துமாவுக்கு நீ பொறுப்பா?"

போங்கக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வகுப்புப் பிள்ளைகளை அதட்டி மேய்க்கிற வாயி அங்க ஒட்டிக்கிச்சு. கார்டைக் கிழிக்கவும் மனசில்ல, போடவும் தைரியமில்ல. பைபிளுக்குள்ள வச்சேன். நாளைக்குப் பாப்போம், வியாழன் கழியட்டும்னு மூணு வாரத்துக்கு மேல ஓடிப்போச்சு.

அத்தனை நாளும் அவ பஸ்ஸுக்குக் காது குடுத்துக் கெடந்தா. பள்ளிக்கூடம் விட்டு நான் போற நேரமும் வத்தலக்குண்டு பஸ் வர்ற நேரமும் ஒண்ணு. வளைவுல ஹாரன் கேட்டதும், "தலையைச் சீவி விடு டீச்சர், அம்மா பாத்தா வைவாங்க"ம்பா. நானே சீவி விட்டேன். என்ன மனுசி நான்! சீவி முடிச்சு அரைமணி ஆகும், ஒரு ஆளும் வராது. "நாளைக்கு வருவாங்க"ன்னு கூசாமச் சொல்லுவேன். ஆண்டவர் மேலயும் எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. இத்தனை பொம்பளைங்க தொண்டை கிழியக் கத்துறோமே, அந்தக் கட்டியைக் கொஞ்சம் கரைச்சிருந்தா உமக்கு என்ன குறைஞ்சிருக்கும்னு கேட்டேன்.

ஒரு நாள் ஹாரன் கேட்டும் அவ தலை சீவச் சொல்லல.

"விடு டீச்சர். எங்கம்மா மனசு கல்லுதான். நீ கார்டைப் போட்டே, உன்னால ஆனதைச் செஞ்சுட்டே. நீ ஏன் அழுவுறே?"ன்னு என் கையைத் தட்டிக் குடுத்தா.

அதுக்கு மேல என்னால உக்கார முடியல. வீட்டுக்கு ஓடி, கார்டை எடுத்துட்டுப் போய்ப் பெட்டியில போட்டேன். பெரியக்காவாவது ஒண்ணாவது! தந்தி குடுத்திருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. இருந்த பதட்டத்துல எனக்கு அது தோணல.

நாலாம் நாள் அவங்கம்மா வந்து நின்னாங்க. கையில துண்டுல முடிஞ்ச கொய்யாப்பழம், இடுப்புல விபூதிப் பொட்டலம். ரெண்டு நாள் கழிச்சு மக கண்ணை மூடுற வரைக்கும் அந்தப் பொட்டலத்தை அவங்க வெளிய எடுக்கவே இல்ல. உள்ள வந்ததும், "என்னைப் பெத்த தாயே, இப்படியா உருக்குலைஞ்சு கெடப்பே"ன்னு மக காலைக் கட்டிக்கிட்டு அழுதாங்க.

அவளுக்குப் பேச்சு இழுத்து இழுத்து வந்துச்சு. "ஏம்மா இம்புட்டு நாளா வரல?"

"நேத்துத்தான்டி கார்டு வந்துச்சு! தபால்காரரு வாசிச்ச நிமிசம் கிளம்பிட்டேன். எழுதி ஒரு மாசம் ஆகப் போகுதுன்னு சொன்னாரே, அதுவரைக்கும் அது எங்கடி கெடந்துச்சு?"

அவ கண்ணு மெதுவாத் திரும்பி என் மேல வந்து நின்னுச்சு. ரொம்ப நேரம் பாத்தா. கோவமா, வேதனையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அப்புறம் அம்மா பக்கம் திரும்புனா. "மழைம்மா. மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. தபால் கீழ எறங்கல."

அது மாசி மாசம். பொங்கல் கழிஞ்சு ஒரு பொட்டு மழை விழல.

"அப்படியா டீச்சரம்மா?"ன்னு அவங்கம்மா கண்ணைத் தொடைச்சுக்கிட்டு என்னைக் கேட்டாங்க.

"ஆமாங்கம்மா, பேய் மழை"ன்னேன்.