மேஸ்திரி வீட்டு ராகி மாவு

ஐம்பதுகளில் எங்கள் கல்குவாரியில் ஸ்ட்ரைக் நடந்தபோது எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. கூலியை உயர்த்தும்வரை சம்மட்டியைத் தொடுவதில்லை என்று ஆண்கள் கெலமங்கலம் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பட்டினி பழக்கம். பிள்ளைகளுக்கு? "புள்ளைங்க அழுதா தானா வேலைக்கு வந்துடுவானுங்க" என்று காண்ட்ராக்டர் சொன்னது எங்கள் காதுக்கும் வந்தது. அதனால்தான் புளியமரத்தடியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பானையில் களி கிண்ட ஆரம்பித்தோம். கிண்டுகிற துடுப்பு என் கையில்.

அந்தப் பானைக்கு ஒரு சட்டம் உண்டு. காண்ட்ராக்டர் பக்கத்து ஆட்களின் உப்பு அதில் விழக் கூடாது. ஒருவன் உப்பைத் தின்றுவிட்டு அவனையே எதிர்த்து நிற்பது எங்கள் பக்கத்தில் பெரிய பாவம். பிள்ளை தின்றாலும் அப்பன் தின்ற கணக்குதான். ஆகவே யார் என்ன கொடுத்தாலும் முதலில் நான் மோப்பம் பிடிப்பேன். சுற்று ஊர்க் குடியானவர்கள் நல்ல மனசோடு கொடுத்த கொள்ளுப் பயறைக்கூட முறைத்துப் பார்த்துத்தான் வாங்குவேன். என் மாமியார் என்னைப் "போலீஸு" என்றே கூப்பிட்டாள்.

ஒரு நாள் ஊர்களிலிருந்து எதுவும் வரவில்லை. உலை கொதிக்கிறது, போட மாவு இல்லை. பிள்ளைகள் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் தலையில் கூடையோடு வந்தாள் மேஸ்திரியின் பெண்சாதி. அவள் புருஷன் காண்ட்ராக்டருக்கு வலது கை. ஸ்ட்ரைக்கை உடைக்க வெளியூர் ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தவன். கூடை நிறைய ராகி மாவு.

"யாரு அனுப்புனது?" என்றேன்.

"நானேதான்க்கா கொண்டாந்தேன்."

"உன் வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அந்தப் பதில்தான் என் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். மாவில் உப்பைக் கலந்து கொடுத்துவிட்டு, பிள்ளைகள் தின்றபின் "எங்க உப்பு உங்க வயித்துல" என்று ஊரெல்லாம் சொல்வார்களோ? ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பில்லை. கூடையின் அடிவரை கைவிட்டு இன்னொரு சிட்டிகை எடுத்தேன். அதிலும் இல்லை. பக்கத்தில் நின்ற தெலுங்குக்காரப் பெண், "வத்துக்கா, வத்து" என்று, வேண்டாமென்று என் கையைப் பிடித்தாள். மற்றவர்களும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். ஒரு குழந்தை வெறும் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"எங்க உப்பைப் போட்டுக் கிண்டறேன்" என்றேன் அவளிடம். "மொத உருண்டைய நீ இங்கியே உக்காந்து தின்னணும். எங்க உப்பு உன் வயித்துல போவட்டும்."

தின்றால் அவள் எங்களுக்குக் கட்டுப்பட்டவள். புருஷன் காதுக்குப் போனால் முதுகுத் தோல் உரியும். ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் பிள்ளைகளின் வரிசையில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கிண்டி முடித்து, உருட்டி, இலையில் கீரையோடு வைத்தேன். விழுங்குகிறாளா, கடைவாயில் அடக்கிக்கொள்கிறாளா என்று அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சூடு ஆறக்கூட அவள் பொறுக்கவில்லை. கீரைத் தண்ணீரையும் விரலால் வழித்தாள். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத் திரும்பினால், இலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இன்னொரு உருண்ட இருக்குமாக்கா?"

"ஏன், உங்க வூட்ல ஆக்கலியா?"

"இத்தன நாளா அவருக்கு மட்டும் ஆக்கிப் போட்டுட்டு எம் பங்க எடுத்து வெச்சேன். அந்த மாவுதான் இது. நீ தின்னியான்னு அவரு ஒரு நாளும் கேக்கல."

பானையில் களி தீர்ந்திருந்தது. துடுப்பில் ஒட்டியதும் அடியில் தீய்ந்ததும் கிண்டுகிறவளுக்கு என்பது வழக்கம். அன்றைக்கு என் சாப்பாடு அவ்வளவுதான். அதை வழித்து உருட்டி அவள் இலையில் வைத்தேன்.