கத்திரி அக்காவின் முதலாளி

கத்திரி அக்கா என்று பேர் வந்ததற்குக் கையிலிருந்த கத்திரிக்கோல் பாதிக் காரணம், வாய் மீதிக் காரணம். எதையும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிடுவாள். பெரிய ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு வருடக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் தைத்துக் கொடுத்தவள். தைத்தது அவள், பேர் வாங்கியது அவர். அரசாங்க ஆஸ்பத்திரிகள் தங்களுக்கு வேண்டியதில் ஒரு பங்கைப் பெண்கள் நடத்தும் சிறு தொழில்களிடம்தான் வாங்க வேண்டும் என்று விதி வந்ததும், அக்கா நாயாய் அலைந்து தன் பேரில் பதிவு வாங்கினாள். இப்போது மாடிக் கூடத்தில் இரண்டு வரிசைத் தையல் மெஷின்கள் ஓடுகின்றன.

அந்த வாய் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் வெட்டாது. அது அவள் கணவர். ஆலையில் சூப்பர்வைசராக இருந்தவர். ஆலையை மூடிய பிறகு வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வேன் ஓட்ட ஆள் வேண்டும் என்று சொல்லி அக்காதான் அவரைக் கூட்டி வந்தாள். அதற்கு முதல் நாள் தையல்காரப் பெண்களை உட்கார வைத்துச் சொன்னாள்:

"சார் சார்னு கேட்டே பழகின மனுஷன். நாளையிலேர்ந்து அவரை முதலாளின்னு கூப்பிடுங்கடி. குறைஞ்சா போயிடுவீங்க?"

யாரும் குறைந்துபோகவில்லை. தினமும் காலையில் "வாங்க முதலாளி" என்று கூடமே சொல்லும். அவரும் நிமிர்ந்து நடந்து வந்து வண்டிச் சாவியை எடுத்துக்கொள்வார். சரக்கு எங்கே போக வேண்டும் என்பதை அக்கா பக்கத்தில் வந்து அவர் காதோடு சொல்வாள். நல்ல மனதோடு செய்கிற காரியம்தான் சில நேரம் கழுத்துக்கே கத்தியாக வந்து நிற்கும்.

பேருக்குத்தான் பெண், நடத்துவது புருஷன் என்று யாரோ புண்ணியவான் புகார் கொடுத்துவிட்டான். விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். அதிகாரி வருகிறார் என்றால் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது. கணவர் இஸ்திரி போட்ட சட்டையோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். அக்கா டீ எடுத்து வந்தாள். எல்லாம் அவளே செய்த ஏற்பாடு. இதில் ஒரு தப்பு இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"துணி எங்க வாங்குறீங்க?" என்று அதிகாரி அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"மில்லுலேர்ந்து நேரா வருது மேடம்," என்றார் கணவர்.

"ஆள் எடுக்கிறது யாரு?"

"அதெல்லாம் நாம பாத்துக்குவோம்."

அக்கா வாயைத் திறப்பதற்குள் ஒவ்வொன்றுக்கும் அவர் முந்திக்கொண்டார். அதிகாரியின் முகம் இறுகிக்கொண்டே போனது. டீயைத் தொடாமல் எழுந்து, கடைசி மெஷினில் இருந்த பெண்ணிடம் குனிந்தார்.

"இங்க முதலாளி யாரும்மா?"

பழக்க தோஷம். அவள் சட்டென்று மேசைப் பக்கம் கையைக் காட்டினாள். காட்டிய பிறகுதான் உறைத்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இந்த மாதிரி நிறைய பாத்தாச்சு," என்றார் அதிகாரி. "நிஜமாவே தொழில் நடத்துற பொம்பளைக்குப் போக வேண்டிய ஆர்டர் இது. பதிவை ரத்து பண்ணச் சொல்லி எழுதப் போறேன். நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?"

சொல்ல வேண்டியது ஒரே வரிதான். இவர் முதலாளி இல்லை, நான்தான் அப்படிக் கூப்பிடச் சொன்னேன். சொல்லாவிட்டால் இத்தனை பெண்களும் அந்த ஒப்பந்தக்காரர் வாசலில் மறுபடி போய் நிற்க வேண்டியதுதான். சொன்னாலோ, இத்தனை பேர் முன்னால் அந்த மனிதர் கூனிக் குறுகிப் போவார். கத்திரிக்கு வெட்ட வரவில்லை.

"நான் முதலாளி இல்ல மேடம்."

கணவர்தான். எழுந்து நின்றிருந்தார். "நான் வேன் ஓட்டுறேன். என் மனசு நோகக் கூடாதுன்னு இவ சொல்லிக் குடுத்து, இவங்க அப்படிக் கூப்பிடுறாங்க. எனக்கு முதல் வாரமே தெரியும்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் ஏமாந்தது அவரல்ல, தான்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

"தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் நீங்களே பதில் சொன்னீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

கணவர் தரையைப் பார்த்தார். "கொஞ்ச நேரம் நல்லா இருந்துச்சு மேடம்."

அதிகாரி உடனே நம்பிவிடவில்லை. நம்புகிற உத்தியோகமா அது? "இதுவும் சொல்லிக் குடுத்ததா இருக்கலாம்," என்றபடி அக்காவிடம் திரும்பினார். "நீங்கதான் நடத்துறீங்கன்னா, இவரை வெளியில அனுப்புங்க. உங்ககிட்ட தனியா பேசணும்."

கல்யாணமானதிலிருந்து நாலு பேர் முன்னால் அவள் அவரை ஒரு வேலை ஏவியதில்லை.

"நீங்க கீழ போய் வண்டிகிட்ட இருங்க," என்றாள்.

அவர் போனார். படியில் செருப்புச் சத்தம் அடங்கியது. பிறகு அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அதிகாரி பெண்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். கடைசியில் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, "பதிவு இருக்கட்டும். இனிமே பேச வேண்டியதை நீங்களே பேசுங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலையில் கணவர் வந்து, தினமும் நிற்பது போல வாசலில் ஒரு நொடி நின்றார். எல்லோரும் மெஷின்மேல் குனிந்துகொண்டார்கள். கடைசி மெஷின் பெண்தான் மெல்ல, "வாங்கண்ணா," என்றாள்.

"ம்," என்று சாவியை எடுத்தவர், போகாமல் அக்காவிடம் திரும்பினார். "இன்னைக்கு எங்க போகணும்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டார்.

அக்கா ஆஸ்பத்திரியின் பேரைச் சொன்னாள். தெருமுனை வரை கேட்கும் அவள் குரல், அன்றும் அவருக்கு மட்டும்தான் கேட்டது.