மேனேஜரும் ஏறிக்கொண்ட பிரேக் டெஸ்ட்

"பிரேக் பற்றிய புகாருடன் வரும் வண்டியை, புகார் கொடுத்தவரை உடன் வைத்துக்கொண்டே ஓட்டிப் பார்க்க வேண்டும்." எங்கள் காரோடு வந்த சர்வீஸ் புத்தகம், பக்கம் ஏழு, பத்தி மூன்று. அச்சடித்த பிறகு கம்பெனியில் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பியதாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது என் மனைவி ஜெயா. முப்பத்தைந்து வருடம் மத்திய சர்க்காரில் குறிப்பெழுதிய நான், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஆலோசனை மட்டும் வழங்குவேன். வாங்கி எட்டு மாதமே ஆன கார்... திடீரென்று பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிடும். ஒரு நாள் ஜனக்புரி சிக்னலில் பேட்டரி ரிக்‌ஷாவை இடிக்காமல் நின்றது ஹேண்ட் பிரேக் புண்ணியத்தில்.

மூன்று முறை சர்வீஸுக்கு விட்டோம். மூன்று முறையும் "குறை எதுவும் தென்படவில்லை" என்று ஒரே சீட்டு. மேனேஜர் ஜெயாவை விட்டுவிட்டு என் காதோரம் வந்தார். "அங்கிள்ஜி, காடி ஏக்தம் டீக் ஹை. மேடம்கோ தோடா பிராக்டிஸ் சாஹியே."

வண்டி நன்றாக இருக்கிறதாம். மேடத்துக்குத்தான் பழக்கம் போதாதாம்! இருபத்திரண்டு வருடமாக டில்லி டிராஃபிக்கில் ஓட்டுகிறவளுக்கு.

சும்மா விடுவேனா? தலைமை அலுவலகத்துக்குப் புகார். பதினைந்தாம் நாள் நினைவூட்டல். பிறகு இரண்டாம் நினைவூட்டல், முந்தைய கடிதங்களின் நகல்களுடன்.

"ஏங்க, உங்க ரிமைண்டர் போய்ச் சேர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன் போலிருக்கே" என்றாள் ஜெயா.

காலனி வாட்ஸப் குழுவில் அவளே ஒரு வரி போட்டாள்: இதே கார் வைத்திருப்பவர்களுக்கு பிரேக் இறுகுகிறதா? ஒரு மணி நேரத்தில் நான்கு பேர். "நான் என் முழங்காலைச் சந்தேகப்பட்டேன்" என்றார் மூன்றாவது மாடி சாவ்லா. பேசப் பேசத் தெரிந்தது — எல்லாருக்கும் ஏசி ஓடும்போதுதான் இறுகுகிறது. சர்வீஸ் சென்டரில் ஓட்டிப் பார்ப்பவர்களோ கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகிறவர்கள். ஏசி போட்டால் பெட்ரோல் செலவாகுமே!

மறுநாள் ஐந்து கார்களோடும் சர்வீஸ் சென்டரில் போய் நின்றோம். நான் பக்கம் ஏழை நீட்டினேன். மேனேஜர் சிரித்தபடி ஜெயா பக்கத்தில் ஏறினார். பின்சீட்டில் நான், சாட்சி.

அவர்களுடைய மாடி பார்க்கிங்கிலிருந்து சரிவில் நடை வேகத்தில் இறக்கம். ஜெயாவின் ஒரு கை ஹேண்ட் பிரேக்கிலேயே இருந்தது. ஏசி முழு வேகத்தில். கீழே, டெலிவரிக்குத் தயாராக, சிவப்பு ரிப்பன் கட்டிய புதுக் கார்.

"ரோக்கோ மேடம்... ரோக்கோ!" நிறுத்தச் சொல்லி அலறினார் மேனேஜர்.

"தபா தோ ரஹீ ஹூம், பையா. பிராக்டிஸ் கம் ஹை நா?"

மிதித்துக்கொண்டுதான் இருந்தாள், பழக்கம் போதாதவள். மேனேஜரோ தன் பக்கம் இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தார்! ஜெயா ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். ரிப்பனுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

அன்று சாயங்காலமே குறை அகப்பட்டது. என்ஜினின் உறிஞ்சு சக்தியை பிரேக்குக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாயில் கசிவு; ஏசி ஓடினால் அந்தச் சக்தி இன்னும் குறைந்து பெடல் இறுகிவிடுமாம். ஐந்து கார்களுக்கும் புதுக் குழாய்.

"இப்ப மிதிச்சா கேக்குதுங்க. உங்களை மாதிரி இல்லை" என்றாள் ஜெயா, மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது.

குறை இல்லை என்று எழுதுகிறவரை முதலில் வண்டியில் ஏற்ற வேண்டும். என் சர்வீஸில் எந்தக் கையேட்டிலும் இதைப் படித்ததில்லை.

தலைமை அலுவலகமும் என்னைக் கைவிடவில்லை. பதில் வந்தது: "தங்கள் வாகனத்தின் பிரேக் நல்ல நிலையில் இருக்கிறது." ஒரு வார்த்தை பொய்யில்லை. கடிதத்தின் மூலையில், பெற்றுக்கொண்ட தேதியை வழக்கம்போல் எழுதி வைத்தேன் — குழாய் மாற்றிய இருபத்தாறாம் நாள், ஜூன் பதினெட்டு.